அப்பா ஒப்பித்த பிரெஞ்சு

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் இந்த வீட்டுக் குளியலறைக் கதவு அடித்துச் சாத்தப்பட்ட இடத்தில் உங்களை விட்டுவிட்டுப் போனேன். சாத்தியவள் மகள். வெளியே துண்டும் ஷேவிங் பிரஷ்ஷுமாக நின்றவர் அப்பா. சண்டைக்குக் காரணம் ஒரு படிவம்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வரி. மகளுக்குப் பதினேழு வயது, பள்ளியில் கடைசி வருஷம். இறுதித் தேர்வில் மேல்நிலைப் பிரெஞ்சு எழுத வேண்டும், அதை வைத்துக் கல்லூரியில் மொழிபெயர்ப்பு படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அப்பா லிஃப்ட் மெக்கானிக். மகள் எலெக்ட்ரிக்கல் படித்தால் தன் கம்பெனியிலேயே நுழைத்துவிடலாம் என்று அவர் மேலிடத்தில் பேசியும் வைத்துவிட்டார். மகளிடம் மட்டும் பேசவில்லை. பிரெஞ்சு பேசி எந்த லிஃப்ட் மேலே போயிருக்கிறது என்று அவர் கேட்டதற்குத்தான் அந்தக் கதவு அடித்தது.

அம்மா நடுவில் புகுந்து ஓர் உடன்பாடு பண்ணி வைத்தாள். பள்ளியில் வாய்மொழித் தேர்வு வைக்க வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார். இருபதுக்குப் பதினாலு வாங்கினால், இறுதித் தேர்வில் பிரெஞ்சு எழுத அனுமதிக்கிற படிவத்தில் அப்பா கையெழுத்துப் போடுவார். ஒரு மார்க் குறைந்தாலும் எலெக்ட்ரிக்கல். தேர்வு இன்றைக்கு. படிவம் கொடுக்கக் கடைசி நாள் நாளைக்கு.

காலை ஆறேகாலுக்கே குளியலறையிலிருந்து பிரெஞ்சு வர ஆரம்பித்துவிட்டது. தேர்வில் முதல் இரண்டு நிமிஷம் மாணவியே தேர்ந்தெடுத்த தலைப்பில் பேச வேண்டும். அவள் தலைப்பு ‘என் வீட்டில் ஒரு நாள்’. பல் தேய்க்கும்போது ஒரு தடவை, குளிக்கும்போது ஒரு தடவை, தலை துவட்டும்போது ஒரு தடவை. இரண்டு மாதமாகத் தினம் மூன்று தடவை. அங்கேதான் குரல் கணீரென்று கேட்கிறதாம்.

வீட்டில் குளியலறை ஒன்றுதான். அதனால் இரண்டு மாதமாக அப்பாவும் தினம் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறார். தட்டிப் பார்த்தார், கத்திப் பார்த்தார், பிறகு நின்று பழகிவிட்டார். மனுஷன் பாவம், முகத்தில் சோப்பு நுரை காய்கிற வரைக்கும் நிற்பார்.

இன்று அவர் நுரையைத் துடைத்துக்கொண்டு, ஷேவ் பண்ணாமலே பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். போகும்போது மகளைப் பார்த்து, "பதினாலு. பேச்சுன்னா பேச்சு" என்றார். வாழ்த்து என்று அவர் நினைத்துக்கொண்டது அதைத்தான்.

அவர் போனதும் சமையலறையில் அம்மா தேர்வாளர் ஆனாள். அம்மா ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். கேள்விகளை மகள் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். ‘டோக்கன் நம்பர் பதினெட்டு, உள்ள போங்க’ என்கிற அதே குரலில் அம்மா அவற்றை வாசிப்பாள்.

மகள் முதல் வரியைச் சொன்னதுமே அம்மா கையைத் தூக்கினாள். நடுவில் பேன் என்று ஏதோ வருகிறதே, அது என்ன என்று கேட்டாள். ரொட்டிக்குப் பிரெஞ்சில் பேன் என்றாள் மகள். அப்படியானால் தலையில் இருக்கிற பேனுக்கு என்ன பேர் என்றாள் அம்மா.

பூ என்றாள் மகள்.

அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினாள். பேனைத் தின்றுவிட்டுப் பூவை நசுக்குகிற ஜனங்களோடு போய் என் பெண் எப்படிக் காலம் தள்ளப் போகிறாள் என்று அவளுக்கு உண்மையிலேயே கவலை வந்துவிட்டது.

அதற்குள் மகள் நடுப்பகுதிக்கு வந்திருந்தாள். அம்மாவிடமும் அப்பாவிடமும் நேராகப் பேசுகிற மாதிரி அவள் அமைத்திருந்த இடம் அது. "மமான், தூ த்ரவாய் த்ரோ." அடுத்து, "பப்பா, வூ ந மெகூத்தே ழமே."

அம்மா மறுபடி கையைத் தூக்கினாள். "இரு. எனக்கு என்ன சொன்ன?"

"அம்மா, நீ ரொம்ப உழைக்கிறேன்னு."

"அது சரி. அந்தத் தூ எதுக்கு?"

"தூன்னா நீ. வூன்னா நீங்க."

அம்மா இதை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். "உங்கப்பாவுக்கு வூ. எனக்குத் தூவா?"

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். வீட்டில் அம்மாவை நீ என்றுதானே கூப்பிடுகிறோம், அப்பாவை நீங்க என்றுதானே கூப்பிடுகிறோம், அதைத்தான் அப்படியே எழுதினேன் என்றாள். ஆனால் அதுவும் தப்பாம். பிரெஞ்சு சார் மூன்று தடவை சிவப்பு மையில் அடித்துவிட்டார். அந்த மொழியில் வீட்டுக்குள் எல்லாருக்குமே தூதான், அப்பாவுக்கு வூ போட்டால் அவரை வாசலில் நிறுத்தி வைத்த மாதிரி என்றாராம். மகளும் நோட்டில் திருத்திவிட்டாள். வாயில் திருத்த முடியவில்லை. அப்பாவின் முகத்தை நினைத்துக்கொண்டு தூ என்று சொல்ல வந்தால் நாக்கு மடங்கிக்கொள்கிறது.

என்னைச் சொல்லும்போது மட்டும் நாக்கு நன்றாக நீள்கிறதே என்று அம்மா கேட்டாள். கேட்டது சிரித்துக்கொண்டுதான். ஆனாலும் உள்ளே எங்கோ சுருக்கென்றது அவளுக்கு. இருபது வருஷமாக இந்த வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேரில் எல்லாரும் நீ என்று கூப்பிடுவது அவளைத்தான்.

அப்பாவுக்குச் சொன்ன வரியின் அர்த்தத்தையும் அம்மா விடாமல் கேட்டு வாங்கினாள். அப்பா, நான் சொல்வதை நீங்கள் ஒரு நாளும் கேட்பதே இல்லை. அம்மா கதவுப் பக்கம் பார்த்தாள், அப்பா போய் அரை மணியாகிவிட்டது என்று தெரிந்தும். இதையா தினம் காலையில் அவர் காதுபடக் கத்துகிறாய் என்றாள்.

"கத்தினா என்னம்மா? அவருக்கு என்ன புரியவா போகுது."

மகளின் பள்ளிக்கூடத்து லிஃப்ட் ஒரு கிழம். அதன் கதவில் இருக்கிற மின் தொடர்பை மாற்றச் சொல்லி அப்பா இரண்டு மாதமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், அங்கேயும் யாரும் காதில் வாங்கவில்லை. பத்து மணிக்கு மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. உள்ளே ஓர் அம்மாள் இருப்பதாகத் தகவல் வந்ததும், பக்கத்துத் தெருவில் இருந்த அப்பா ஓடிவந்தார்.

மொட்டை மாடி மோட்டார் ரூமில் மெயின் சுவிட்சை அணைத்தார். இனி பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை நான்காம் மாடிக்கு ஏற்ற வேண்டும். பத்து நிமிஷ வேலை. அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. வேலை முடிகிறவரை உள்ளே மாட்டினவர் காதில் ஒரு மனிதக் குரல் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் பயந்து கதவைக் குத்துவார்கள், பிறகு கையும் போகும் கதவும் போகும்.

அப்பா லிஃப்ட் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பயப்படாதீங்கம்மா என்று ஆரம்பித்தார். மறுமுனையில் அந்த அம்மாள் மூச்சு வாங்க ஏதோ அலறினாள். அவர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் நாலு வார்த்தையைப் போட்டுப் பார்த்தார். அலறல் கூடிற்று. கதவைக் குத்தும் சத்தமும் சேர்ந்துகொண்டது.

அப்போதுதான் அந்த அலறலில் ஒரு வூ அவர் காதில் விழுந்தது. இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தார். குளியலறை.

கை சக்கரத்தில் இருந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. என் வீட்டில் ஒரு நாள் என்கிற தலைப்பிலிருந்து ஆரம்பித்து, காலை ரொட்டி, ஒரே குளியலறை, அம்மாவின் ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் மகள் எங்கே மூச்சு விடுவாளோ அங்கேதான் அவரும் மூச்சு விட்டார். வாய் கொப்பளிக்கிற இடத்தில் ஒரு நொடி நிறுத்தக்கூடச் செய்தார்.

குத்துவது நின்றது. அவர் இரண்டாம் தடவை ஆரம்பித்தார். "பப்பா, வூ ந மெகூத்தே ழமே" என்ற வரி வந்ததும், மறுமுனையில் "ஓ" என்று இரக்கமாக ஒரு குரல். சரி, இந்த மருந்து வேலை செய்கிறது என்று அப்பா அந்த வரியை மட்டும் கூட இரண்டு தரம் போட்டார், கொஞ்சம் உருக்கமாகவே.

மூன்றாம் தடவை முடியும்போது லிஃப்ட் நான்காம் மாடிக்கு வந்து சேர்ந்தது. அப்பா இறங்கிவந்து கதவைத் திறந்ததும், வெளியே வந்த அம்மாள் அவருடைய கிரீஸ் கையைப் பிடித்துக் குலுக்கி என்னென்னவோ கேட்டாள். அவர் மகள் பேச்சின் கடைசி வார்த்தையான மெர்சியைச் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிப் போனார். உலகத்திலேயே பெரிய வேலை செய்தவர் மாதிரி அன்று பூராவும் வாயெல்லாம் பல்.

பதினோரு மணிக்கு மகள் தேர்வு அறைக்குள் போனாள். மூலையில் பிரெஞ்சு சார், தன் முறைக்காகக் காத்திருப்பவர் மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். மேல்நிலை வகுப்பில் அவருக்கு இருப்பதே மூன்று பேர். எதிரே தேர்வாளர், தலை லேசாகக் கலைந்த ஓர் அம்மாள், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

மகள் கணீரென்று ஆரம்பித்தாள். முதல் வரிக்கு அந்த அம்மாள் நிமிர்ந்தாள். இரண்டாம் வரிக்கு அவள் புருவம் ஏறியது. மூன்றாம் வரியில் அவள் உதடும் கூடவே அசைந்தது. நாலாம் வரியை மகள் முடிப்பதற்குள் அவளே முடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

இது எந்த வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கிறது என்று பிரெஞ்சில் கேட்டாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் லிஃப்ட் சரிசெய்ய வந்தவர் இதையே எனக்கு மூன்று தடவை சொன்னாரே, இந்த ஊரில் எல்லாருக்கும் இதே வீடுதானா என்றாள். பிரெஞ்சு சார் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. காப்பியடித்தது என்று முடிவானால் மார்க் மட்டுமில்லை, பெயரையே எடுத்துவிடுவார்கள்.

மகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லிஃப்ட் என்ற வார்த்தைதான் காப்பாற்றியது. "அவர் என் அப்பா" என்றாள். அப்பாவுக்கு ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது என்பதையும், ஒரே குளியலறையையும், சோப்பு நுரையையும் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள். இலக்கணம் இரண்டு இடத்தில் கால் இடறியது. அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் டம்ளர் சாய்ந்தது.

ஆனால் விடவில்லை. ஒப்பித்தது போதும், இனி பேசு என்று சொல்லிவிட்டு ஒரு கேள்வி போட்டாள். "அப்பா ஒரு நாளும் கேட்பதில்லை என்று நீ எழுதியிருக்கிறாய். அவரோ அதை மனப்பாடமாகச் சொல்கிறார். எது நிஜம்?"

இதற்கு அம்மாவிடம் பயிற்சி எடுத்திருக்கவில்லை. மகள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"உங்க மொழியில காதுல விழறதுக்கு ஒரு வினை இருக்கு. கவனிச்சுக் கேக்கறதுக்கு வேற வினை. கேள்வி கேக்கறதுக்கு இன்னொண்ணு. எங்க மொழியில மூணுக்கும் ஒரே சொல்தான். அதனால அப்பா கேட்டாருன்னு சொன்னா, எந்தக் கேக்கறதுன்னு சொல்றவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது."

உன் அப்பா இந்த மூன்றில் எதைச் செய்வதில்லை என்றாள் அந்த அம்மாள்.

"மூணாவது. எனக்கு என்ன வேணும்னு அவர் இதுவரைக்கும் கேட்டதே இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கண் கலங்கிவிட்டது. கலங்கியபடியே இன்னும் பத்து நிமிஷம் பேசினாள். அப்பாவுக்கு ஏன் வூ என்றும் பேசினாள், அம்மா தூவுக்குக் கோபித்துக்கொண்டதையும் சொன்னாள். பிரெஞ்சு சார் நகத்தை மறந்துவிட்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் மார்க் ஒட்டினார்கள். ஒப்பித்த பகுதிக்கு, தேர்வாளர் ஏற்கெனவே கேட்ட பேச்சு என்பதால், நாலுக்குச் சைபர். பேசியதற்குப் பதினாறுக்குப் பதிமூன்று. ஆக மொத்தம் பதிமூன்று. பள்ளிக்குப் பன்னிரண்டே போதும் என்பதால் பிரெஞ்சு சார் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். மகள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அப்பாவுக்கு வேண்டியது பதினாலு.

ஆறு மணிக்கு அப்பா வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கதை ஆரம்பித்துவிட்டது. லிஃப்டில் மாட்டின வெளியூர் அம்மாளைத் தன் மகளின் பிரெஞ்சை வைத்தே எப்படிக் காப்பாற்றினார் என்று, சக்கரம் சுற்றுகிற கையோடு நடித்துக் காட்டினார். முழுப் பேச்சையும் ஒப்பித்தும் காட்டினார். ஏற்கெனவே எல்லாம் தெரிந்த அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பாதியில் சிரிப்பு தாங்காமல் அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.

அப்புறம்தான் அவருக்கு மார்க் ஞாபகம் வந்தது. பதிமூன்று என்றாள் மகள்.

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். ஒண்ணுதான் குறையுது என்றார். பிறகு, ஆனா பேச்சுன்னா பேச்சு இல்லையா என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

அம்மா வெளியே வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, டோக்கன் கூப்பிடுகிற குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். லிஃப்டில் மாட்டின அம்மாள்தான் தேர்வாளர். அவரிடம் நீங்கள் மூன்று தடவை ஒப்பித்த பிறகு இவள் போய் நாலாம் தடவை ஒப்பித்தாள். அதற்குத்தான் நாலுக்குச் சைபர்.

அப்பா முக்காலியில் உட்கார்ந்தார். அந்த நாலையும் நான்தான் தின்றேனா என்று கேட்டார். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் உள்ளங்கைக் கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வூ ந மெகூத்தே ழமே இருக்கே. அதைச் சொன்னப்பதான் அந்தம்மா ஓன்னு பாவப்பட்டாங்க. அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சொல் என்றும் காட்டவில்லை, வேண்டாம் என்றும் காட்டவில்லை. பொய் சொல்ல எவ்வளவோ வழி இருந்தது. அவளுக்குத்தான் வரவில்லை.

"அப்பா, நான் சொல்றதை நீங்க ஒரு நாளும் கேக்கறதே இல்லைன்னு அர்த்தம்."

அப்பாவுக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது. கோபம் வருமா என்று அம்மா ஓர் அடி முன்னால் வந்தாள். வரவில்லை.

"ரெண்டு மாசமா," என்றார். "தினம் மூணு தடவை."

எழுந்து போய்க் கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினார். அலமாரியிலிருந்து படிவத்தை எடுத்துவந்து மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பதினாலுக்குத்தானே கையெழுத்து என்று அம்மா இழுத்தாள். பதிமூன்றோடு நான் தின்ற நாலைச் சேர்த்தால் பதினேழு என்றார் அப்பா. அம்மா பாத்திரம் கழுவப் போனாள்.

அவர் படிவத்தை மகள் பக்கம் தள்ளினார். முக்காலியை அவளுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினேழு வருஷத்தில் இப்படி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"எனக்குப் புரியற பாஷையில சொல்லு. உனக்கு என்ன வேணும்?"

படிவம் கையில் இருக்கிறது. நன்றி சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். நானாக இருந்தால் போயிருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு அவளால் பாதியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.

"அந்தப் படிப்பு இந்த ஊர்ல இல்லப்பா. ரயில்ல ஒரு நாள் முழுக்கப் போகணும். மூணு வருஷம் அங்கயே தங்கணும். பிரெஞ்சு எழுதினா இடம் தர்றோம்னு அந்தக் காலேஜ்லேர்ந்து கடிதம் வந்து ஒன்பது நாளாச்சு. அம்மாகிட்டதான் இருக்கு."

சமையலறையில் குழாய் நின்றது.

அப்பா அந்தப் பக்கம் திரும்பினார். அம்மா வெளியே எட்டிப் பார்க்கவில்லை. மறுபடி திரும்பி மகளைப் பார்த்தார்.

"மீதியையும் சொல்லு," என்றார்.